எங்கள் அணி என்னும் கிழமை

வென்றவரைப் போற்றுதல் உலகத்து இயல்பு. தோற்றவரைப் போற்றுதல் அருமை. தோற்றவரையே தலைமுறை தலைமுறையாகப் போற்றுதல் அருமையினும் அருமை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிக்காகோ நகரத்து மக்கள் அவ்வரிய செயலைச் செய்தவர்கள். தத்தம் பேஸ்போல் அணி உலகத் தொடரை மீண்டும் வெல்லும் நாளுக்காக அந்நகரத்தாரில் ஒரு பகுதியார் 88 ஆண்டும், மற்றொரு பகுதியார் 108 ஆண்டும் காத்திருந்தனர். இரு பகுதியாரும் ஒரே நகரத்தவர். ஒரே ஆலையில் வேலை செய்பவர். சில வேளை ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்.

இலக்கியப் பக்கத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர் இருப்பர். இலக்கணம் கற்பித்தலையே தொழிலாக உடைய எனக்கு இப்பொருளில் ஒரு தனி ஆசை உண்டு. இரசிகன் ‘எங்கள் அணி’ என்கிறான். அணியை விலை கொடுத்து வாங்கிய முதலாளியும் ‘எங்கள் அணி’ என்கிறான். சொல் ஒன்று, வேற்றுமை ஒன்று. பொருளும் ஒன்றுதானா? இவ்வினாவை மனத்திற்கொண்டு சிக்காகோவின் கதையைச் சில காலம் படித்தேன். படித்தவற்றுட் சிலவற்றை வாசகர் முன் வைக்கிறேன்.

பேஸ்போல் எம் நாட்டு எல்லே ஆட்டத்துக்கு உறவானது. எறிபவன் பந்தை எறிய, அடிப்பவன் தடியால் அடித்து, நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். அணிக்கு ஒன்பதின்மர், ஆட்டத்துக்கு ஒன்பது சுற்று. அமெரிக்காவிலே தேசிய லீக், அமெரிக்க லீக் என இரண்டு பெருங்குழுக்கள் உள. ஒவ்வொன்றிலும் முதல்வராக வந்த அணிகள் பருவத்தின் முடிவில் மோதுவதே உலகத் தொடர். இக்காலத்தில் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. அஃதாவது, ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் உண்டு. இதனை வாசகர் மறத்தலாகாது. ஆண்டுக்கொருமுறை வரும் திருவிழாவின்மேல் உள்ள பற்று வேறு. நாள்தோறும் உண்ணும் சோற்றின்மேல் உள்ள பற்று வேறு. பேஸ்போல் அபிமானம் இரண்டாம் வகையது.

களைந்த பெயரும் அணிந்த பெயரும்

சிக்காகோவின் வடபகுதிக்கு உரிய அணி கப்ஸ். கரடிக்குட்டிகள் என்பது அதன் பொருள். தென்பகுதிக்கு உரியது வைற் சொக்ஸ். வெண்காலுறையினர் என்பது பொருள். முன்னது தேசிய லீக். பின்னது அமெரிக்க லீக்.

இவற்றுள் மூத்தது கப்ஸ். 1876ஆம் ஆண்டில் தேசிய லீக் தொடங்கிய நாளிலிருந்தே இருப்பது. ஆனால் அன்று அதற்குப் பெயர் கப்ஸ் அன்று, வெண்காலுறையினர் என்பதே. காலப்போக்கில் அப்பெயரை அது கைவிட்டது. 1900இல் சாள்ஸ் கொமிஸ்கி என்பார் சென் போல் நகரிலிருந்து தம் அணியைச் சிக்காகோவுக்குக் கொண்டுவந்தார். 35ஆம் தெருவுக்குத் தெற்கே மாத்திரம் ஆடவேண்டும் என்று மூத்த அணியார் நிபந்தனை விதித்தனர். அப்பகுதி கால்நடைத் தொழுவங்களும் இறைச்சித் தொழிற்சாலைகளும் நிறைந்தது. அந்நாற்றத்தைத் தாங்கி எவர் ஆட்டம் பார்க்க வருவர் என்று அவர்கள் எண்ணினர் போலும். கொமிஸ்கி இணங்கினார். மூத்தவர் களைந்த பழைய பெயரை எடுத்துத் தம் அணிக்கு இட்டார். பத்திரிகையாளர் அதனைத் தலைப்புக்கு ஏற்பச் சுருக்கினர். இன்று வைற் சொக்ஸ் என்னும் பெயரை இகழும் கப்ஸ் அபிமானி, தன் முன்னோர் உடுத்துக் களைந்த ஆடையையே இகழ்கின்றான் என்பதை அறியான்.

கப்ஸ் வடபகுதிக்கு வந்த கதையும் இத்தகையதே. 1915 வரை அவர்கள் நகரின் மேற்குப்பகுதியில் ஆடினர். இன்று அவர்களின் கோயில் எனப்படும் றிக்லி மைதானம், 1914இல் வேறோர் அணிக்காகக் கட்டப்பட்டது. ‘பெடரல் லீக்’ என்ற மூன்றாவது குழுவைச் சேர்ந்த அவ்வணி இரண்டே ஆண்டில் மறைந்தது. அதன் முதலாளி சாள்ஸ் வீக்மன் கப்ஸ் அணியின் பங்கை வாங்கி, 1916இல் அதனை வடக்கே குடியேற்றினார். ஆகவே ‘எங்கள் மண்ணின் அணி’ என்று வடபாலார் மார்தட்டும் அணி வந்தேறியதே. தென்பாலார் அணியும் வந்தேறியதே. வந்தேறியதை ஒரு தலைமுறைக்குள் மண்ணின் மைந்தனாக்கி விடுவது அன்பின் வல்லமை.

ஒருமுறை மோதினர்

1906ஆம் ஆண்டு உலகத் தொடரில் இவ்விரு அணியும் எதிர்ப்பட்டன. அந்த ஆண்டிலே கப்ஸ் 116 ஆட்டங்களை வென்று 36இல் மாத்திரம் தோற்றிருந்தது. வைற் சொக்ஸ் துடுப்பாட்டத்தில் தன் லீக்கிலேயே கடைசி நிலையிலிருந்தது. ‘அடிக்கத் தெரியாத அற்புதர்’ என்று பத்திரிகைகள் எள்ளின. வென்றவர் யார்? அடிக்கத் தெரியாதவரே. ஆறாவது ஆட்டத்தோடு தொடர் முடிந்தது. சிக்காகோ அணிகள் இரண்டும் உலகத் தொடரில் சந்தித்தது அஃதொருமுறையே.

1907இலும் 1908இலும் கப்ஸ் உலகத் தொடரை வென்றது. 1917இல் வைற் சொக்ஸ் வென்றது. இரண்டு ஆண்டு கழித்து, 1919இல் தென்பாலார் மீது ஓர் இடி வீழ்ந்தது. உலகத் தொடரில் வேண்டுமென்றே தோற்பதற்குச் சூதாடிகளிடம் பணம் பெற்றனர் என்று வைற் சொக்ஸ் வீரர் எண்மர் குற்றஞ் சாட்டப்பட்டனர். 1921இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. எனினும் பேஸ்போல் ஆணையாளர் நீதிபதி லாண்டிஸ் அவ்வெண்மரையும் வாழ்நாள் முழுதும் விலக்கினார். தோல்வியைத் தாங்குவது எளிது. விற்கப்பட்ட தோல்வியைத் தாங்குவது எளிதன்று. அதனையும் தென்பாலார் தாங்கினர்.

லீக் வேறாதலின், இரு அணிகளும் பருவ ஆட்டங்களில் ஒன்றையொன்று எதிர்க்கும் வழக்கம் இருக்கவில்லை. பருவம் முடிந்தபின் நிகழ்ந்த நகரத் தொடரும் 1942உடன் ஓய்ந்தது. அதன்பின் 1997இல் லீக்குகளுக்கு இடையிலான ஆட்டம் தொடங்கும்வரை, கணக்கில் ஏறும் ஆட்டம் ஒன்றில் அவை சந்திக்கவேயில்லை. அவ்வாறாயின் பகைமை எங்கே வாழ்ந்தது? வீட்டுத் திண்ணையிலும் தொழிற்சாலை வாயிலிலும் மதுக்கடை மேசையிலும் வாழ்ந்தது. களத்தில் மோதியிருந்தால் வெற்றி தோல்வி கண்டு ஒருவாறு அடங்கியிருக்கும். களம் இன்மையால், அது நாவிலே வளர்ந்தது.

பத்தாண்டில் புரண்ட தராசு

இனி, இரு அணிகளின் செல்வாக்கு எவ்வாறு ஏறி இறங்கிற்று என்பதைக் காண்போம். இன்று உலகெங்கும் அறியப்பட்டது கப்ஸ். அதனால், என்றும் அவ்வாறே இருந்தது என்று நினைப்பது தவறு. 1951 முதல் 1967 வரை பதினேழு பருவங்களிலும் வைற் சொக்ஸ் தோற்றதிலும் வென்றதே மிகுதி. அக்காலத்திலே கப்ஸ் பெரும்பாலும் பட்டியலின் கீழ்ப்பாதியிற் கிடந்தது.

1959 செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு, வைற் சொக்ஸ் நாற்பதாண்டுக்குப் பின் லீக் முதன்மை பெற்றது. மகிழ்ச்சி மிகுதியால் நகரத் தீயணைப்புத் தலைவர் விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கை ஒலிக்கச் செய்தார். அது சோவியத் நாட்டோடு பனிப்போர் நிகழ்ந்த காலம். அணுகுண்டு வருகிறது என்று அஞ்சி மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். அந்நாளைய மேயர் ரிச்சட் டேலி தென்பகுதியிற் பிறந்தவர்; வைற் சொக்ஸ் பக்தர். ஊரே கலங்கிய பின்பும், நிகழ்ந்தது கொண்டாட்டமே என்று அமைதி கூறப்பட்டது.

1960இல் வைற் சொக்ஸ் ஆட்டங்களைக் காண வந்தோர் 16 இலட்சத்து 44 ஆயிரத்தினர். கப்ஸ் ஆட்டத்துக்கு வந்தோர் 8 இலட்சத்து 9 ஆயிரத்தினர். பத்தாண்டு கழிந்தது. 1970இல் கப்ஸ் ஆட்டத்துக்கு வந்தோர் 16 இலட்சத்து 42 ஆயிரத்தினர். வைற் சொக்ஸ் ஆட்டத்துக்கு 5 இலட்சம் பேரும் வரவில்லை. தராசுத் தட்டுகள் அப்படியே இடம் மாறின.

ஏன் மாறின? அந்த ஆண்டில் வைற் சொக்ஸ் 106 ஆட்டங்களில் தோற்றது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் தொலைக்காட்சி. முன்பு இரு அணிகளின் ஆட்டங்களும் டபிள்யூ.ஜி.என். என்னும் ஒரே நிலையத்தில் ஒளிபரப்பாயின. 1968இல் வைற் சொக்ஸ் பணம் கருதிச் சிறு நிலையம் ஒன்றுக்கு மாறியது. பழைய பெட்டிகள் பலவற்றில் அந்நிலையம் தெரியாது. கப்ஸ் பழைய இடத்திலேயே நின்றது. அதன் மைதானத்தில் மின்விளக்கு இல்லை. ஆகவே அதன் ஊர் ஆட்டம் யாவும் பகலிலேயே நிகழ்ந்தன. பள்ளி விட்டு வீடு திரும்பும் சிறுவன் பெட்டியைத் திருப்பினால், அங்கே கப்ஸ் ஆடிக்கொண்டிருக்கும். அன்பு விதைக்கப்படும் பருவம் எது என்பதை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1982இல் வைற் சொக்ஸ் அதே வழியில் இன்னும் ஓரடி சென்றது. கட்டணம் செலுத்துவோர் மாத்திரமே காணக்கூடிய தொலைக்காட்சியில் தன் ஆட்டங்களை வைத்தது. அவ்வேளை டபிள்யூ.ஜி.என். செய்மதி வழியாக நாடெங்கும் பரவியிருந்தது. வைற் சொக்ஸ் ஆட்டத்தைப் பதினோர் ஆண்டு வருணித்துப் புகழ் பெற்ற ஹரி கேரி என்னும் அறிவிப்பாளர், அவ்வாண்டிலே கப்ஸ் பக்கம் போனார். அவர் குரலோடு ஒரு கூட்டமும் போயிற்று என்பர். இன்று அவர் சிலை றிக்லி மைதானத்தின் அருகே நிற்கின்றது. இலவசமாகக் கிடைத்த அன்பைக் கட்டணத்துக்கு உட்படுத்தியவர்கள், அடுத்த தலைமுறையைப் பக்கத்து வீட்டாரிடம் இழந்தனர்.

இவ்விடத்தில் பில் வீக் என்பாரையும் நினைத்தல் தகும். இவர் தந்தையார் கப்ஸ் அணியின் தலைவராக இருந்தவர். 1937இல் றிக்லி மைதானத்தின் செங்கற் சுவரில் பசுங்கொடி படரவிட்டவர் இளைஞராகிய இவரே. அக்கொடி இன்றும் அம்மைதானத்தின் அடையாளம். பின்னர் இவர் வைற் சொக்ஸ் அணியை இருமுறை விலைக்கு வாங்கி நடத்தினார். 1981இல் அதனை விற்றபின், புதிய முதலாளிகளோடு மனம் ஒவ்வாமல், றிக்லி மைதானத்தின் மலிவான இருக்கைகளிற் சென்று அமர்ந்து ஆட்டம் பார்த்து முதுமையைக் கழித்தார். வடக்கே கொடி நட்டவர் தெற்கே ஆண்டு, மீண்டும் அக்கொடியின் அருகே வந்து இருந்தார். எதிரெதிர் முகாம் என்று நாம் எண்ணுவன, ஒருவர் வாழ்வில் இவ்வாறு பின்னிக் கிடத்தலும் உண்டு.

நின்ற கடிகாரம்

வைற் சொக்ஸ் முதலாளிகள் புதிய அரங்கம் கேட்டனர். கட்டித் தராவிடின் புளோரிடா மாநிலத்து சென் பீற்றர்ஸ்பேர்க் நகருக்குப் போய்விடுவோம் என்றனர். அது வெற்றுச் சொல் அன்று. அணியே இல்லாத அந்நகரில் அரங்கம் ஒன்று ஏற்கெனவே எழுந்துகொண்டிருந்தது. இலினொய் மாநிலச் சட்டசபை 1988 ஜூன் 30ஆம் நாள் நள்ளிரவுக்குள் முடிவு செய்ய வேண்டும். நள்ளிரவு கடந்தால் கூடுதல் பெரும்பான்மை வேண்டும் என்பது விதி. ஆளுநர் ஜேம்ஸ் தொம்சன் உறுப்பினரிடையே நடந்து ஒவ்வொருவரையும் வேண்டினார். வாக்குப் போதவில்லை. பன்னிரண்டு அடிக்க வேண்டிய கடிகாரம் அடிக்கவில்லை. அதனை நிறுத்தி வைத்தனர். நிறுத்திய கடிகாரத்தின் கீழ், உண்மையில் நள்ளிரவு கடந்த சில நிமிடத்தில், 60க்கு 55 என்ற வாக்கால் மசோதா நிறைவேறிற்று. ஓர் அணியைத் தன் ஊரில் இருத்துவதற்கு ஒரு சபை காலத்தையே நிறுத்தியது.

அரங்கம் 35ஆம் தெருவின் மறுபக்கத்தில் எழுந்தது. 1910 முதல் நின்ற பழைய கொமிஸ்கி மைதானம் இடிக்கப்பட்டு வண்டி நிறுத்தும் இடமாயிற்று. 1991 ஏப்ரல் 18இல் புதிய அரங்கில் முதல் ஆட்டம். வைற் சொக்ஸ் 16-0 என்று தோற்றது. ஆயினும் அந்த ஆண்டு 29 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். கப்ஸ் ஆட்டத்துக்கு வந்தோரிலும் மிகுதி. புதுமை தேய்ந்ததும் வடபாலார் கூட்டமே மீண்டும் முந்தியது.

2005இல் வைற் சொக்ஸ் 88 ஆண்டுக்குப் பின் உலகத் தொடரை வென்றது. ஹூஸ்டன் அணியை நான்கு ஆட்டத்திலும் தொடர்ந்து வென்றது. அடுத்த பருவத்தில் உலக முதல்வர் என்னும் பெயரோடு ஆடிய அவர்களைக் காண 29 இலட்சத்து 57 ஆயிரத்தினர் வந்தனர். அதே பருவத்தில் கப்ஸ் தன் பிரிவிற் கடைசி நிலை, 96 தோல்வி. அதனைக் காண வந்தவரோ 31 இலட்சத்து 23 ஆயிரத்தினர்!

பொறுக்கும் அன்பும் இடிக்கும் அன்பும்

இங்கேதான் சிந்திக்க வேண்டிய இடம் வருகின்றது. டொபயஸ் மொஸ்கோவிற்ஸ், ஜோன் வேர்தைம் என்னும் இருவர் 2011இல் ‘ஸ்கோர்காஸ்ரிங்’ என்ற நூலை வெளியிட்டனர். கப்ஸ் வெற்றி தோல்விக்கும் அதன் ஆட்டத்துக்கு வரும் கூட்டத்துக்கும் உள்ள தொடர்பு, வேறெந்த அணியிலும் காணாத அளவுக்குச் சிறிது என்பது அவர்களின் முடிவு. வென்றாலும் தோற்றாலும் இருக்கை நிறையுமாயின், வெல்வதற்கு முதலாளிக்கு என்ன அவசரம் என்று அவர்கள் கேட்டனர்.

தென்பாலார் இக்கேள்வியைப் பல காலமாகவே கேட்டு வருகின்றனர். ‘நாங்கள் அணியைப் பார்க்கப் போகின்றோம், அவர்கள் மைதானத்தைப் பார்க்கப் போகின்றார்கள்’ என்பது அவர்கள் வாதம். வடபாலார் விடை வேறு. ‘வெல்லும்போது வந்து தோற்கும்போது வீட்டிலிருப்பது விசுவாசமாகுமோ?’ என்பர்.

இவ்விரண்டில் எது உண்மை அன்பு? இடித்துரைப்பதும் நட்பின் கடன் என்று வள்ளுவர் வகுத்தார். கேடு வந்த காலத்து நீங்காமையையும் அவரே நட்பின் அளவுகோலாகக் கொண்டார். தென்பாலான் முன்னதைச் செய்கிறான். தன் வரவின்மையால் இடிக்கிறான். வடபாலான் பின்னதைச் செய்கிறான். தன் வரவினால் தாங்குகிறான். இரண்டும் நட்பே. தாங்கும் அன்பு சோம்பலுக்கு இடங் கொடுக்கும். இடிக்கும் அன்பு அணியை ஊரைவிட்டே துரத்தக்கூடும். இதனை அறிந்தே ஒவ்வொருவனும் தன் வழியை நடக்கிறான்.

அன்பு மிகுந்து கொடுமையாதலும் உண்டு. 2003 ஒக்டோபர் 14இல் கப்ஸ் உலகத் தொடரை எட்டுவதற்கு இன்னும் ஐவரை ஆட்டமிழக்கச் செய்ய வேண்டியிருந்தது. மூன்று ஓட்டம் முன்னணி. எல்லை ஓரமாக வந்த பந்தைப் பார்வையாளர் சிலர் எட்டிப் பிடிக்க முயன்றனர். ஒருவர் கை பட்டது. பிடிக்க வந்த வீரர் தவறவிட்டார். பின்னர் எதிரணி அச்சுற்றிலேயே எட்டு ஓட்டங்கள் எடுத்தது. பந்தைத் தவறவிட்டோரும் சரியாக எறியாதோரும் பலர். பழி முழுவதும் அந்த ஒரு பார்வையாளர் தலையில் விழுந்தது. காவலர் சூழ அவரை வெளியே கொண்டுபோக நேர்ந்தது. அவரும் பிறவிக் கப்ஸ் அபிமானியே. 2016 வெற்றிக்குப் பின் அணியார் அவருக்கு வெற்றி மோதிரம் ஒன்றை அனுப்பிக் கடன் தீர்த்தனர்.

அந்த 2016ஆம் ஆண்டு வெற்றியைக் கூறாது விடலாகாது. நவம்பர் 2ஆம் நாள், கிளீவ்லன்ட் நகரில், ஏழாவது ஆட்டம். ஒன்பது சுற்றில் சமநிலை. மழை வந்து 17 நிமிடம் ஆட்டம் நின்றது. பத்தாம் சுற்றில் 8-7 என்று கப்ஸ் வென்றது. சிக்காகோ மக்கள் சுண்ணக்கட்டியுடன் றிக்லி மைதானத்துச் சுவரை நாடிச் சென்றனர். இந்நாளைக் காணாமல் இறந்துபோன தந்தையர், பாட்டன்மார், அன்னையர் பெயர்களைச் செங்கல்லிலே எழுதினர். கைக்கெட்டிய உயரம் நிறைந்ததும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி எழுதினர். வெற்றி வீரர் பெயரைப் பாடும் நாளில், அம்மக்கள் காத்திருந்து மடிந்தோர் பெயரை எழுதினர். அபிமானம் என்பது யாது என்பதற்கு இதனினும் சிறந்த உரை நான் கண்டதில்லை.

ஒரே வீட்டில் இருவர்

நதியை எல்லையாகக் கொண்டு இரு நாடுகள் பிரிவதுபோல இந்நகரம் பிரிந்ததன்று. முன்னாள் சனாதிபதி பராக் ஒபாமா வைற் சொக்ஸ் அபிமானி. தென்பகுதியிலே பிறந்து வளர்ந்த அவர் மனைவியாரோ சிறு வயதில் தந்தையோடு கப்ஸ் ஆட்டம் பார்த்து அவ்வணிக்கே உரியவரானார். 2017 ஜனவரியில் கப்ஸ் வீரர் வெள்ளை மாளிகைக்கு வந்தபோது, கணவர் அதனை நகைச்சுவையோடு எடுத்துரைத்தார்.

2025 மே 8இல் சிக்காகோவிற் பிறந்த ஒருவர் பதினான்காம் லியோ என்னும் பெயரோடு பாப்பரசரானார். உலகம் அவர் கொள்கையை ஆராய்ந்தது. சிக்காகோ அவர் அணியை ஆராய்ந்தது! அவர் கப்ஸ் அபிமானி என்று றிக்லி மைதானத்து அறிவிப்புப் பலகை முழங்கியது. மறுகணமே அவர் தமையனார் வாய் திறந்தார்: தம்பி என்றும் வைற் சொக்ஸ், தாயாரே கப்ஸ் என்றார். 2005 உலகத் தொடர் ஆட்டமொன்றில் அவர் கூட்டத்தோடு அமர்ந்திருந்த காட்சியும் பழைய ஒளிப்பதிவில் அகப்பட்டது. தாய் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். அவ்வீட்டில் எவரும் எவரையும் வெறுத்ததாகச் செய்தியில்லை. பகைமை என்று நாம் சொல்வது, உறவினர் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும் வழியாகவே அங்கு பெரும்பாலும் நிகழ்கின்றது.

போனவையும் நின்றவையும்

ஒரு காலத்தில் வேறு நகரங்களும் இவ்வாறு ஈரணி கொண்டு வாழ்ந்தன. 1953இல் பொஸ்ரன் நகரின் பிரேவ்ஸ் மில்வோக்கிக்குப் போயிற்று. அதே பருவத்தின் முடிவில் சென் லூயிஸ் நகரின் பிறவுண்ஸ் போல்ரிமோருக்குப் போயிற்று. 1954இன் பின் பிலடெல்பியாவின் அத்லெற்றிக்ஸ் கன்சாஸ் நகருக்குப் போயிற்று. 1957இன் பின் நியூயோர்க் நகரத்திலிருந்து டொட்ஜேர்ஸ், ஜயன்ற்ஸ் இரண்டும் கலிபோர்னியாவுக்குப் போயின. பிலடெல்பியாவில் நிகழ்ந்தது வியப்பானது. அங்கே உலகத் தொடரை ஐந்துமுறை வென்ற அணி போயிற்று. அதுவரை ஒருமுறையும் வெல்லாத பிலீஸ் நின்றது. வெற்றிதான் அணியை ஊரில் இருத்துகிறது என்பார் இதற்கு என்ன விடை சொல்வர்?

அணி ஒன்று போனால் எஞ்சிய அணியின் அபிமானி மகிழ்வான் என்று தோன்றும். சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதகாலை, இருவருள் எவர் வீழினும் இழுக்கு ஒரே குலத்துக்கே என்று கோவூர்கிழார் இடைநின்று உணர்த்தினார். அணிக்கும் அது பொருந்தும். எதிரணி போன ஊரில் வெற்றியைச் சொல்லிக் காட்ட ஆளில்லை.

போன அத்லெற்றிக்ஸ் 1968இல் கன்சாஸ் நகரையும் விட்டு ஓக்லன்ட் நகருக்கு வந்தது. அங்கே 1972, 1973, 1974 மூன்றாண்டும் தொடர்ந்து உலக முதன்மை பெற்றது. விரிகுடாவின் அக்கரையிலே சான் பிரான்சிஸ்கோ ஜயன்ற்ஸ். பின்னாளில் முதலாளி ஊரை விட்டுப் போக முனைந்தார். கூட்டம் வராமையே காரணம் எனப்பட்டது. 2023 ஜூன் 13இல் இரசிகர் ஒரு புதுமை செய்தனர். பகிஷ்காரத்துக்கு மாறாக, அன்று எல்லோரும் வரவேண்டும் என்று தம்முட் பேசி 27 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டு வந்தனர். அணியை விற்றுவிடுக என்று ஒரே குரலில் முழங்கினர். அன்பு எம்மிடம் உண்டு. வராமைக்குக் காரணம் நீர் என்பது அதன் பொருள். அணி நிற்கவில்லை. 2024 செப்டெம்பர் 26இல் ஓக்லன்டில் இறுதி ஆட்டம். 46 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து வழியனுப்பினர். அணி வென்றது, ஊர் இழந்தது.

இருவகைக் கிழமை

இப்போது தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு வருவோம். ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை. அது தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படும் என்று மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். ‘சாத்தனது கை’ என்பது தற்கிழமை. கை சாத்தனிலிருந்து வேறாகாது. ‘சாத்தனது பசு’ என்பது பிறிதின்கிழமை. பசுவை அவன் விற்கலாம், கொடுக்கலாம். வேற்றுமை உருபு ஒன்றே, உறவு வேறு.

முதலாளியின் ‘எங்கள் அணி’ பிறிதின்கிழமை. அவன் அதனை விற்பான். வேறூருக்கு ஓட்டிச் செல்வான். சட்டம் அவன் பக்கம். இரசிகனின் ‘எங்கள் அணி’ தற்கிழமை. அவன் நினைத்தாலும் அதனைத் தன்னிலிருந்து வேறாக்க இயலாது. கையை விற்பார் உண்டோ? ஓரூரில் ஈரணி இருக்கும்போது இவ்வுண்மை நன்கு துலங்குகின்றது. மறுபக்கத்து அணி அண்மையில் இருக்கின்றது, வெல்கின்றது, நுழைவுச்சீட்டும் கிடைக்கின்றது. மாறுவதற்கு ஒரு தடையும் இல்லை. இருந்தும் அவன் மாறுவதில்லை. தெரிவு செய்ய இடமிருந்தும் மாறாமையாலேயே அவன் அன்பு சோதிக்கப்பட்ட அன்பாகின்றது.

பிறிதின்கிழமைக்கு உரியவனுக்கு ஒரு கடமை உண்டு. தான் விற்கும் பொருள் மற்றொருவனுக்கு உறுப்பு என்பதை அவன் உணர வேண்டும். உணராவிடின் சட்டப்படி அவன் குற்றவாளி அல்லன். அறப்படி யாது என்பதை வாசகரே கூறுக.

2024ஆம் ஆண்டுப் பருவத்தில் வைற் சொக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்றது. 1900க்குப் பின் ஒரு பருவத்தில் எந்த அணியும் இத்தனை தோல்வி கண்டதில்லை. 35ஆம் தெரு அரங்கின் குத்தகை 2029இல் முடிகின்றது. அணி நிற்குமோ, போகுமோ என்ற பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. இன்னொருமுறை கடிகாரத்தை நிறுத்த ஆள் வருவரோ, அறியேம். அந்தத் தோல்விப் பருவத்தின் கடைசி ஊர் ஆட்டங்களில், தோல்விச் சாதனை நிகழ்வதைக் காணவென்றே சிலர் வந்தனர். முதலாளியை வைது கூவினர். அணியோ அம்மூன்று ஆட்டங்களையும் வென்றது. வைதவர்களும் தம் தொப்பியைக் கழற்றவில்லை. அத்தொப்பியில் வெண்ணிறத்தில் எழுதியிருந்தது அந்த அணியின் பெயரே.